வேலுமணியண்ணனின் கம்புப் பை

வேலுமணியண்ணன் லென்ஸ் வாங்கிய கதையைச் சொன்னாலே போதும், அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும். கணபதி பகுதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பறவைப் படம் எடுக்கிற கிறுக்கு உண்டு. பழைய லென்ஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு என்னையும் கடைக்குக் கூட்டிப் போனார். உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று முதலில் டார்ச் அடித்துப் பார்த்தார். அது எல்லோரும் செய்வதுதான். அப்புறம் கடைக்காரரிடம் ஃபேனை நிறுத்தச் சொன்னார். லென்ஸைக் கேமராவில் மாட்டிக் காதோடு வைத்துக்கொண்டு, ஃபோகஸ் மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"மோட்டாரு நல்லா இருக்குதுங்க" என்றார்.

கடைக்காரர் சந்தோஷமாகப் பில் புத்தகத்தை எடுத்தார்.

"நல்லா இருக்கிறத எதுக்குங்க விக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு இவர் வெளியே வந்துவிட்டார். கூடப் போன என் மானம்தான் போனது. கடைசியில், அதை விற்றவர் வீட்டைக் காரமடையில் தேடிக் கண்டுபிடித்து, விற்ற காரணத்தை அவர் மனைவியிடம் விசாரித்த பிறகுதான் வாங்கினார்.

அவ்வளவு பெரிய லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடாமல் எடுக்க முடியாது. ஸ்டாண்ட் வாங்கச் சொன்னோம். "மூணு காலையும் விரிச்சு நிறுத்தறதுக்குள்ள குருவி கேரளா போயிருமுங்க" என்றார். சரி, தரையில் போட்டு அதன்மேல் லென்ஸைப் பதித்துக்கொள்ளும் பை ஒன்றாவது வாங்குங்கள் என்றோம். கடையில் விற்கும் பையில் பிளாஸ்டிக் மணி இருக்கும். அதில் என்னத்தைக் கலந்தார்களோ என்று அவருக்குச் சந்தேகம். டெய்லரிடம் கொடுத்தால் மிச்சத் துணியை அடித்துவிடுவார் என்று அதிலும் சந்தேகம். பவானி ஜமக்காளத்தில் ஒரு துண்டை வெட்டி, கோணி ஊசியால் தானே பை தைத்து, வீட்டிலிருந்த கம்புத் தானியத்தை நிரப்பிக்கொண்டார். அந்தத் தையலைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

நாங்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பறவை பார்க்கப் போகும் ஏழெட்டுப் பேர். என் பெயர் கிருபா. போத்தனூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் படங்களைக் கண்காட்சியாக வைப்போம். இரை போட்டுப் பறவையை வரவழைத்து எடுத்த படத்தை மாட்டக் கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதிதான். அதில் அடிபட்டவள் நான்.

போன வருஷம், மீனோடு தண்ணீரிலிருந்து மேலே எழும் மீன்கொத்தியை எடுத்திருந்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம். திறப்பு விழா அன்று, அத்தனை பேர் முன்னால், தூரத்தில் நின்றபடியே வேலுமணியண்ணன் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, தொட்டியில மீன உட்டு எடுத்ததுங்களா?"

"இல்லீங்கண்ணா."

"இல்லைன்னுதானுங்க எல்லாரும் சொல்லுவாங்க."

கண்காட்சியை நடத்தும் பாலகோபால் சாருக்கு வம்பு என்றாலே ஆகாது. படத்தைக் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து நான் மீன் விட்ட பொண்ணு. ஒரு வருஷமாக வயிறு எரிந்தது.

இந்த வருஷம் அவர் கௌதாரி படம் கொண்டுவந்தார். காலடிச் சத்தம் கேட்டாலே கிளுவை வேலிக்குள் ஓடி ஒளியும் பறவை, குஞ்சுகளோடு வெட்டவெளியில் நிதானமாக நிற்கிறது. ஒரு படம் என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். வாராவாரம், அதே இடத்தில், அதே கௌதாரி. எனக்குப் பொறி தட்டியது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது.

கண்காட்சிக்கு முந்தின ஞாயிறு, மதுக்கரைக்கு மேற்கே மலையடிவாரத்து முள்காட்டுக்கு அவர் தனியாகப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். அவர் ஒரு வேலமரத்தடியில் பையைப் போட்டுப் படுத்தார். வெயில் ஏறியதும் பையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் நகர்ந்தார். அவர் படுத்திருந்த இடத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். மண்ணில் கம்பு கிடந்தது.

அகப்பட்டார் என்று செல்போனில் படம் எடுத்தேன். குழுவுக்கு அனுப்ப விரலையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், கம்பு அந்த இடத்தோடு நிற்கவில்லை. ஒற்றையடிப் பாதை நெடுகச் சிந்தியிருந்தது. அவருடைய டிவிஎஸ் வண்டியின் அடியிலும் கிடந்தது. இரை போடுகிறவர் எவராவது வண்டிக்கு அடியில் போடுவாரா?

பை ஒழுகுவது இந்த மனுஷனுக்கே தெரியாது என்று புரிந்தது. படத்தை அனுப்பியிருந்தால் தெரியாமல் நடந்தது என்று அவர் சொல்லியிருப்பார். ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். என்னை யாரும் நம்பாத அந்த நாள் நினைவுக்கு வந்தது. செல்போனை உள்ளே வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"ஏனுங்க அம்மணி, என்ற பின்னாலயே வந்தீங்களா?"

"ஆமாங்கண்ணா. அந்தப் பையைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினார். மூலைத் தையல் வழியாகக் கம்பு பொலபொலவென்று கொட்டியது. தையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க எதாச்சும் பிரிச்சு உட்டீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெச்சது நீங்கதானுங்க!"

ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பாலகோபால் சாருக்கு ஃபோன் போட்டார். "என்ற கௌதாரிப் படத்தக் கண்காட்சியில இருந்து எடுத்துப்போடுங்க. எரை போட்டு எடுத்ததுங்க."

"அண்ணா, தெரியாமச் சிந்துனதுதானுங்க. நானே சாட்சி சொல்றேன்."

தலையை ஆட்டினார். "வாராவாரம் பை இளைச்சுதுங்க அம்மணி. வாராவாரம் நாந்தான் கம்ப அள்ளிப் போட்டு ரொப்பினேன். லென்ஸு மோட்டாரக் காதுல வெச்சுக் கேட்டவன், இந்தக் கம்பு எங்க போகுதுன்னு ஒரு நாளாவது கேட்டனா? படம் நல்லா வந்துட்டு இருந்துதுங்க. அதான் கேக்கல. தெரியாதுன்னு நானே சொன்னாலும் நான் நம்பமாட்டனுங்க."

சனிக்கிழமை கண்காட்சி. கௌதாரிக்கு என்று ஒதுக்கிய இடத்தில் என் மீன்கொத்தி தொங்கியது. மாட்டச் சொன்னது யார் என்று பாலகோபால் சாரைக் கேட்டேன். வேலுமணி என்றார். எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். நேராக என் படத்தின் முன்னால் போய் நின்று, சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து, படத்திலிருந்த தண்ணீர்மேல் ஓரம் ஓரமாக அடித்துப் பார்த்தார்.

"என்னங்கண்ணா தேடறீங்க?"

"தொட்டியோட விளிம்பத்தானுங்க."

"இருக்குதுங்களா?"

"இல்லீங்க அம்மணி." டார்ச்சை அணைத்தார். "போன வருசமே பக்கத்துல வந்து பாத்திருக்கோணும்."