காப்பி நிறச் சுவர்

புதுப் பெயின்டின் வாடை மூக்கில் ஏறினால் எல்லோருக்கும் தீபாவளி ஞாபகம் வருமாம். எனக்கு இன்றைக்கும் வயிறுதான் எரிகிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள் பெருமாநல்லூர் சாலையில் ஒரு 'லைன் வீட்டில்' குடியிருந்தோம். வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லாவற்றிலும் சுண்ணாம்புச் சுவர். சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் முதுகெல்லாம் வெள்ளை. அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர், அம்மா அங்கேயே செக்கிங். "உலகத்துக்கே போற கலரையெல்லாம் நாள் முழுக்கப் பாத்து விடுதேன், எனக்குன்னு ஒரு கலர் வேண்டாமா?" என்று அம்மா கேட்டதில் என்ன தப்பு? அரண்மனையா கேட்டாள்?

அவள் ஆசைப்பட்டது பால் விட்ட கருப்பட்டிக் காப்பியின் நிறம். கம்பெனியில் கழித்துப் போட்ட துணித்துண்டு ஒன்றைப் பெயின்ட் கடைக்கே கொண்டுபோய், அதே 'ஷேடு' வரும்வரை கடைக்காரரை விடவில்லை. கம்பெனியில் சாம்பிள் ஓ.கே. ஆகாமல் ஒரு பீஸ்கூட மெஷினில் ஏறாது. அந்தப் பழக்கத்தில், கதவோரமாக ஒரு முழ அகலத்துக்கு மட்டும் பூசிவைத்து, வீட்டு ஓனர் வந்தபோது, "அண்ணாச்சி, ரூம் முழுக்க இதை அடிக்கலாம்னு இருக்கோம், பாருங்க" என்றாள். அவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க அம்மிணி" என்றார். அம்மாவுக்கு அது போதும், சாம்பிள் ஓ.கே. ஆகிவிட்டது.

தீபாவளி லீவுக்கு லைனே ஊருக்குப் பஸ் ஏறியது. நாங்கள் மட்டும் போகாமல், பாயையும் பாத்திரத்தையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மூவருமாகப் பூசினோம். சாயங்கால வெயில் சன்னல் வழியாக விழுந்தபோது அந்த அறை எப்படி இருந்தது என்கிறீர்கள்! அம்மா சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்று உலை வைக்கவே மறந்துவிட்டாள்.

லீவு முடிந்து ஓனர் வந்தார். "ஏனுங்க, யாரைக் கேட்டு இப்புடிப் பண்ணுனீங்க? ஊடே இருண்டு கெடக்குதுங்க."

"நீங்கதான அண்ணாச்சி நல்லா இருக்குன்னு சொன்னீய?" என்றாள் அம்மா.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. மூஞ்சிக்கு நேரா நல்லாயில்லைன்னு சொல்ல முடியுங்களா? எல்லா ஊடும் ஒரே மாதிரி இருக்கோணும். சுண்ணாம்பு அடிச்சுருங்க, இல்லீன்னா வேற ஊடு பாத்துக்குங்க."

ஒரு பேச்சுக்காம்! வீட்டை விட்டுத் துரத்துகிற வாயில் என்ன மரியாதை, எத்தனை 'ங்க'! "சாம்பிள் பாத்துட்டுத்தானே சொன்னாரு?" என்று நான் குதித்தேன். "வாடகைக்கு இருக்கவ வாயைத் தொறக்கப்படாது, ஏட்டி, சும்மா இரு" என்று அப்பா என்னை அடக்கினார். அவர் மேலும்தான் எனக்கு ஆத்திரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவே மட்டையை எடுத்துச் சுண்ணாம்பு அடித்தாள்.

அந்த லைன் வீடுகளை இடித்துவிட்டு இப்போது குடோன் கட்டியிருக்கிறார்கள். இடித்ததில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. போன மாதம், நான் சொந்தமாகக் கட்டிய வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற சமயத்தில், கலர் அட்டையை அம்மாவிடம் நீட்டி, "உன் ரூமுக்கு எதும்மா?" என்று கேட்டேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்தாள்.

"வெள்ளையே அடிக்கச் சொல்லு தாயி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."