கருடன் கூட்டுக்கு வெளிச்சம்

ஹாலாஸ்யம் சாமிக்கு இருந்த ஒரே பைத்தியம் கருடன். ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தா, பழங்காநத்தத்தில் வாடகை வீடு, வெற்றிலை, மூக்குப்பொடி எதுவும் கிடையாது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய காமிரா வாங்கிய நாள் முதல், ஞாயிறுதோறும் ரயிலேறிச் சோழவந்தானுக்குப் போய்விடுவார். அங்கே வைகைக் கரை மருதமரத்தில் ஒரு கருடன் கூடு கட்டியிருந்தது. வெள்ளைத் தலையும் செம்மண் நிற இறக்கையுமாக அது ஆற்றின் மேல் வட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதருக்குச் சோறே வேண்டாம்.

அவர் எடுத்த கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் கொடுத்தவன் நான், அப்துல் லத்தீப். டவுன் ஹால் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். முப்பத்தாறாம் வருஷம் மாசி முழுக்க அவர் கொண்டுவந்த தகடுகளில் கிளைதான் இருந்தது, பறவை இல்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

“அங்க போயி என்னதான் செய்றீங்க சாமி?”

“அது வந்து உக்காந்ததும் கை தானா கன்னத்துல போட்டுக்கறது, பாய். ஞாயித்துக்கிழமை கருட தரிசனமாச்சே! திரும்பப் படம் பிடிக்கற ரப்பர் பந்தை எடுத்து அமுக்கறதுக்குள்ள பறந்துடறது.”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பந்தை நான் அமுக்குகிறேன், நீங்கள் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பங்குனி முதல் ஞாயிறு நானும் கிளம்பினேன்.

அங்கே வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் மலைச்சாமி பக்கத்து மரத்தில் பரண் கட்டி வைத்திருந்தான். ஏறிப் பார்த்தேன். கூட்டில் இரண்டு குஞ்சுகள். ஆனால் அடர்ந்த கொப்பு ஒன்று மேலே கவிந்து கூட்டை இருட்டாக்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் எந்தத் தகட்டிலும் ஒன்றும் விழாது. கொப்பை வெட்டச் சொன்னேன்.

“கூட்டுக்கிட்ட கை வைக்கப்படாது, பாய்,” என்று சாமி தயங்கினார்.

“கூட்டை யாரு தொடப்போறா? கொப்பைத்தானே வெட்டச் சொல்றேன்.”

இருபது வருஷம் வெளிச்சத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். எனக்குத் தெரியாததா என்று ஒரு திமிர். மலைச்சாமி அரிவாளோடு ஏறினான்.

பதறிப் பறந்த தாய் பதினொரு மணிக்குத் திரும்பியது. கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு இறக்கைகளையும் முழுக்க விரித்தது. விரித்தது விரித்தபடி அசையாமல் நின்றது.

“கருட வாகனம் மாதிரியே நிக்கறது பாருங்கோ!” என்றார் சாமி. அவர் கண்ணில் தண்ணீர். நான் அவசரமே இல்லாமல் நான்கு தகடு எடுத்தேன்.

படம் அபாரம். என் கையால் இப்படி ஒன்றா என்று எனக்கே தலைகால் புரியவில்லை. பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்கள். பூஜையறைக்கு ஒரு காப்பி வேண்டும் என்று இருபது பேர் பெயர் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு மலைச்சாமிக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அவன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“ரெண்டு குஞ்சும் செத்துப் போச்சு, சாமி.”

“பாம்பா?” என்றார் சாமி.

“பாம்பும் இல்ல, காக்காயும் இல்ல. வெயிலு. கொப்பு போனதுல இருந்து தாயி இப்படியேதான் றெக்கைய விரிச்சு நெழல் குடுத்துக்கிட்டு நின்னுச்சு. செவ்வாக்கெழம தண்ணிக்கு எறங்குச்சு. திரும்பி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அம்புட்டுத்தான்.”

நான் படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். இறக்கையின் அடியில், அந்த நிழலுக்குள், இரண்டு சின்ன அலகுகள் திறந்திருந்தன. இருட்டறையில் கழுவும்போதே அதைப் பார்த்தவன்தான் நான். இரைக்கு வாய் திறக்கின்றன என்று நினைத்திருந்தேன். யா அல்லா! மேலே மரத்தில் கூடு மட்டும் பளீரென்ற வெயிலில் கிடந்தது.

ரயில் சமயநல்லூரைத் தாண்டும்போது சாமி ஒன்றே ஒன்று கேட்டார். “காப்பி கேட்டவா எல்லாம் எப்ப வருவா?”

மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டதும் ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தார். படம் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும், “இது அனுக்கிரகம் இல்லை. குஞ்சு வெயில்ல சாகறது, தாய் நிழல் கொடுக்கறது. படத்துக்காக நான்தான் கொப்பை வெட்டச் சொன்னேன்,” என்றார். ஒருத்தர் காறித் துப்பிவிட்டே போனார். இருபது பேரில் யாரும் படத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

இருபது தடவையும் நான் மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். வெட்டச் சொன்னது நான் என்று ஒரு தடவைகூட என் வாயிலிருந்து வரவில்லை.