படுதாவை இறக்கிக் கட்டிய கொட்டகை

கொட்டகைக்குள் போனால் தலைவலி வந்தது. வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றால் போய்விட்டது. மூன்று நாளும் இப்படித்தான். இதைவிடத் தெளிவாக ஒரு நோய் தன்னை அறிவித்துக்கொள்ள முடியாது. வெறும் வயிற்றில் டீ குடித்ததால் என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நானும் என் கணவரும் கறிக்கோழிப் பண்ணை நடத்துகிறோம். குஞ்சும் தீவனமும் கம்பெனி தருவது. கொட்டகையும் உடம்பும் எங்களுடையவை. மழைக்காலத்தில் குஞ்சு இறக்கினால் கேஸ் புரூடரை (குஞ்சுகளுக்கு மேலே தொங்கி அனல் வீசும் அடுப்பு) பற்றவைத்து, நாலு பக்கமும் படுதாவை இறக்கிவிடுவோம். மேலே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தேன். பார்க்க வந்த கம்பெனி சூப்பர்வைசருக்கு அது பொறுக்கவில்லை.

"இதையும் இழுத்துக் கட்டுங்க. காத்து வந்தா குஞ்சு ஒடுங்கிப்போகும்."

"மனுசி மூச்சு விடணும்ல சார்?"

"நீங்க என்ன உள்ளயா குடியிருக்கப் போறீங்க?" என்று சிரித்தார். கணவரும் கூடச் சிரித்தார். கயிற்றை இறுக்கியதும் அவர்தான்.

நாலாம் நாள் காலையில் குஞ்சுகள் சத்தமில்லாமல் பரவிப் படுத்திருந்தன. சூடு சரியாக இருந்தால் அப்படித்தான் படுக்கும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். "பாத்தியா, என்ன சொகமா தூங்குது" என்று வாசலில் நின்றபடி கணவர் பூரித்தார். பாதிக் குஞ்சு மயங்கிக் கிடந்தது. தண்ணீர் வாளியைத் தூக்கினேன், முழங்கால் மடிந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிய கருவி, ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகக் காட்டியது. அதுவும் எங்கள் சூப்பர்வைசரும் ஒரே பள்ளியில் படித்திருக்க வேண்டும். ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் தெரிந்தது: கார்பன் மோனாக்சைடு (காற்றுப் போதாமல் எரிவாயு அரைகுறையாக எரிந்தால் வரும், மணமில்லாத நச்சு வாயு). முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

"வெளிய வந்தா தலைவலி சரியாயிருதுன்னு யாருகிட்டயும் சொல்லலையாம்மா?" என்றார் டாக்டர்.

"இவுககிட்டச் சொன்னேன். தைலம் தேய்க்கச் சொன்னாக."

அப்போது பக்கத்தில் நின்ற கணவரின் போன் அடித்தது. எத்தனை குஞ்சு செத்தது என்று சூப்பர்வைசர் கேட்டார். என்னைப் பற்றி விசாரிக்க அவருக்குப் படிவத்தில் இடமில்லை போலும்.

உங்கள் பண்ணையிலும் புரூடர் எரிகிறதா? எதிரெதிர்ப் பக்கங்களில் மேலே இடைவெளி விடுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிட்டு, சரிபார்க்க ஆள் கூப்பிடுங்கள். உள்ளே வலித்து வெளியே தெளிந்தால் அது தலைவலி அல்ல. சிரிக்கிறவர்களை உள்ளே உட்கார வையுங்கள்.

மூன்று மாதமாகிறது. கை நடுக்கம் குறைந்துவிட்டது. உலையில் அரிசி போட்டேனா என்று இன்னும் மூடியைத் திறந்து பார்க்கிறேன். மூச்சு தானாக நடக்கிற காரியம் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. வாளியைத் தூக்கியதிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் நடந்தது எதுவும் என்னிடம் இல்லை. அது கணவரிடம்தான் இருக்கிறது. போன வாரம் கேட்டுவிட்டேன்.

"நான் விழுந்ததும் மொதல்ல என்ன செஞ்சீங்க?"

"படுதாவைத் தூக்குனேன்."

"எனக்காகவா, குஞ்சுக்காகவா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.