கோடி போகிற தண்ணீரில் ஷாரோன்

முசரவாக்கம் ஷாரோனுக்குக் கல்யாணப் படம் எடுப்பதுதான் பிழைப்பு. பெண் அழைப்பு, காதுகுத்து, வளைகாப்பு என்று காஞ்சிபுரத்தில் அவள் ஏறாத மண்டபம் கிடையாது. ஆனால் மழை பிடித்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. வெள்ளத்துக்குப் பயந்து ஊரே மேட்டுக்கு ஓடும்போது, இவள் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குப் போவாள். அப்படியொரு பைத்தியம்.

அந்தப் பைத்தியத்துக்குப் பாலாற்றில் ஒருமுறை சரியான அடி விழுந்தது. பெரும்பாலும் மணலாகவே கிடக்கிற ஆற்றை நடந்தே கடந்து பழகியவர்கள் நாம். அதன் மேடு பள்ளமெல்லாம் அத்துப்படி என்று நமக்கொரு திமிர். வெள்ளம் வந்த வருஷம் வாலாஜாபாத் பக்கம் அதே திமிரோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள் ஷாரோன். கோடையில் யாரோ மணல் அள்ளிய குழி அடியில் இருந்தது. கழுத்துவரை போனவளைப் புருஷன் கிறிஸ்டோபர்தான் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

அன்றைக்கு அவளே ஒரு சட்டம் போட்டாள். இனி இடுப்பில் கயிறு கட்டாமல் தண்ணீரில் கால் வைப்பதில்லை. மறுமுனை கிறிஸ்டோபர் கையில். அவன் இழுத்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்துவிட வேண்டும்.

போன கார்த்திகையில் தாமல் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிந்து கோடி போனது. கல்கட்டின் மேல் வழிந்து விழுகிற தண்ணீருக்குள் காலை வெயில் புகுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் ஷாரோன் பல வருஷமாகத் தவம் கிடந்தாள். கீழே பாசி பிடித்த கல்லில் காலை ஊன்றி நின்றாள். மேகம் விலகியது. பொத்தானை அழுத்தப் போன நேரம் கயிறு இறுகியது.

பல்லைக் கடித்துக்கொண்டு கரையேறினாள். வந்த வேகத்தில் வெயிலும் போய்விட்டது. தண்ணீரோ அவள் நின்ற கல்லின் மேல் பழையபடியே சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாத்துக்கு இழுத்த?”

“தண்ணி சத்தம் மாறுனா மாரி இருந்துச்சுமா. பயந்துட்டேன்.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டின புருஷனை ஏரியிலேயே தள்ளிவிடலாமா என்றும் இருந்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்தது. அவளோடு கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்க வருகிற ஆனந்தராஜும் அதில் இருந்தான். நல்ல ஆஜானுபாகு.

“நாளைக்கு கயித்த என்கிட்ட குடுக்கா. நீ படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் இழுக்கவே மாட்டேன்” என்றான்.

ஷாரோன் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அன்று முழுக்க கிறிஸ்டோபரோடு பேசவில்லை.

மறுநாள் மேகமே இல்லை. ஆனந்தராஜ் முன்னால் வந்து கையை நீட்டினான். அவள் இடுப்பு முடிச்சை இறுக்கிப் பார்த்துவிட்டு, மறுமுனையைக் கிறிஸ்டோபரிடமே கொடுத்தாள்.

“இன்னாக்கா, நேத்து பட்டது பத்தலியா?”

“இழுக்கவே மாட்டேன்றவன் கையில கயிறு இன்னாத்துக்குபா?” என்று சொல்லிவிட்டு, கேமராவோடு தண்ணீரில் இறங்கினாள். ஒருமுறைகூட அவள் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.