தொண்ணூற்றொன்று வகுபடுமா?

மஞ்சள் அட்டையில் நீல மையால் 91 என்று எழுதியிருந்தது. புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் இடத்தில் கொடுத்த டோக்கன். எனக்கு எட்டு வயது. என் இடது கை, வளையக் கூடாத இடத்தில் வளைந்து மடியில் கிடந்தது. அட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் பன்னிரண்டு. நைனா, எங்கள் அப்பா, கட்டுக்கு முட்டை வாங்க வெளியே போயிருந்தார்.

கையை உடைத்ததே அவள்தான். எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் தினமும் என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதிப்பாள். எதிரே வரும் வண்டியின் நம்பர் எதனால் வகுபடும் என்று பார்ப்பது அவளுக்குப் பைத்தியம். அதில் ஒரு ஜோசியமும் வைத்திருந்தாள். எதனாலாவது மிச்சமில்லாமல் வகுபட்டால் அன்றைக்கு நல்லது நடக்கும். ஒன்றையும் தன்னையும் விட்டால் வேறெதற்கும் வசப்படாத பகா எண் வந்ததோ, தொலைந்தோம். அன்றைக்கு ஒரு கரும்பு லாரியின் நம்பரை மூன்றால் வகுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது.

உள்ளே மீசை வைத்த பெரிய ஆள் ஒருவர் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தார். அவரே அப்படிக் கத்தினால் என் கதி என்ன? போதாக்குறைக்கு, எலும்பு சேராவிட்டால் கையையே எடுத்துவிடுவார்கள் என்று பஸ்ஸில் ஒரு மகராசி சொல்லி வைத்திருந்தாள். கை போய்விட்டால் எப்படித் தலை பின்னிக்கொள்வது என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் நம்பர் வகுபடுகிறதா என்று கேட்டேன்.

அவள் முணுமுணுத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். ஒற்றைப்படை, இரண்டால் போகாது. ஒன்பதும் ஒன்றும் பத்து, மூன்றால் போகாது. கடைசியில் சைபரும் இல்லை, ஐந்தும் இல்லை. அதோடு நின்றுவிட்டாள். அவள் உதடு காய்ந்து போனதைப் பார்த்தேன்.

"வகுபடுது. அழுவாத" என்றாள்.

எதனால் என்று அவள் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டியபோது ஊரே கேட்கக் கத்தினேன். ஆனால் கை போய்விடும் என்ற பயம் மட்டும் விட்டுப் போயிருந்தது.

கை சேர்ந்தது, கொஞ்சம் கோணலாக. நாலைந்து வருஷம் கழித்து நான் காரணிகள் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் உண்மையைச் சொன்னாள். அது பகா எண், தெரிந்தே பொய் சொன்னாளாம். கட்டுப் பிரிக்கும்வரை சோறு இறங்கவில்லையாம். கை கோணலானதுகூடத் தன் பொய்யால்தான் என்று இத்தனை நாளாக உள்ளுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள், பாவி.

"ஏழால பாத்தியா?" என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினாள். ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று. பயத்தில் ஐந்தோடு நிறுத்தியிருக்கிறாள். என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்கு அவள் சித்தூரில் கணக்கு டீச்சர். மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதித்த முடிவைக் கேட்கத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம். டோக்கன் மெஷினிலிருந்து வந்த சீட்டை அவள் பார்க்கக்கூட இல்லை. என் கையில் திணித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். 97. இரண்டு, மூன்று, ஐந்து எதனாலும் போகாது. ஏழாலும் போகாது. பத்துப் பத்து நூறு ஆகிவிடுவதால் அதற்கு மேல் பார்க்கவும் வேண்டாம். நாற்பது வயதில் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன், பயம் கேட்கவில்லை.

"வகுபடுதுக்கா" என்றேன்.

அதற்குள் நர்ஸ் தெலுங்கில் "தொம்பை ஏடு" என்று தொண்ணூற்றேழைக் கூப்பிட்டாள். அக்கா கண்ணைத் திறந்தாள். பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பகா எண் சொல்லிக் கொடுப்பவள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏழால பாத்தியாடி?"

"பாத்தேன்."

என் கோணல் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு உள்ளே போனாள். தனியாகத்தான் போவேன் என்று முன்னமே சொல்லியிருந்தாள். கதவு இன்னும் திறக்கவில்லை. சீட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் ஏழால் வகுத்துப் பார்க்கிறேன். ஆறு மிச்சம் வருகிறது.