பத்துச் சொல் வாக்கியம்

"கல்வி மற்றும் குடும்ப வழிபாட்டு ஒருங்கிணைப்பாளர்: திருமதி பூவாத்தாள். எல்லா வயதினருக்குமான எபிரேய வகுப்பு, தோரா படிப்பு, குடும்பத்தோடு சனிக்கிழமை வழிபாடு ஆகியவற்றுக்கு இவரை அணுகவும்." மைசூர் யூத ஜெபக்கூடத்தின் இணையப் பக்கத்தில் இப்படி இருக்கிறது. அதில் அலைபேசி எண் மட்டும் சரி.

பூவாத்தாள் ஹனூர்ப் பக்கத்துக்காரி. படிப்பு ஐந்தாவதோடு நின்றது. கும்பிடுவது மாதேஸ்வரனை. ஜெபக்கூடம் என்பது தேவராஜ மொஹல்லாவில் ஒரு வாடகை வீட்டின் முன்னறை. அதைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. இணையப் பக்கத்தைத் தயாரித்தவர்கள் தொடர்பு எண் கேட்டபோது, பெரியவர் ரூபன் ரோஹேகர், போனை எடுக்கக்கூடிய ஒரே ஆள் என்று அவள் எண்ணைக் கொடுத்தார். எண் இருந்தால் பதவியும் இருக்க வேண்டுமே, ஒன்றைப் போட்டுவிட்டார்கள்.

ஆறு வருடம் அழைப்புகள் வந்தன. வகுப்பு உண்டா என்று கேட்டவர்களுக்கு, வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை, வந்தால் டீ உண்டு என்று கன்னடமும் இங்கிலீஷும் கலந்து சொன்னாள். உண்மையும் அதுதான். எபிரேயம் படிக்க வேண்டிய கடைசிக் குழந்தை, பெற்றோருடன் இஸ்ரேலுக்கே போய்விட்டது.

ஆனாலும் அந்த அறையில் ஒருவருக்குப் படிப்பு ஏறியது. யூதர்கள் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து யூத ஆண்கள் வேண்டும். அந்தப் பத்தைச் சரிபார்க்க, பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வேத வாக்கியத்தைத் தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்வார்கள். ரூபனுக்குக் கண்புரை முற்றியதும் அந்த வேலை பூவாத்தாளிடம் வந்தது. அர்த்தம் தெரியாது, உச்சரிப்பு பிசகாது. ஒருமுறை மேஜை விரிப்புகளை அதைச் சொல்லி எண்ணியதற்குத் திட்டு வாங்கினாள். அன்றிலிருந்து ரேஷன் வரிசையில் நிற்கிறவர்களைக்கூட அவளால் நம்பர் போட்டு எண்ண முடியவில்லை.

ரூபனின் தம்பி மனைவி ஃப்ளோரா. கணவர் ரயில்வேயில் இருந்தபோது போத்தனூர் குவார்ட்டர்ஸில் பழகிய தமிழ் அவளுடையது. அவர் இறந்து மூன்று வருடம். இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் என்ற பிரார்த்தனைக்கும் அதே பத்து ஆண்கள் வேண்டும். மூன்று வருடமும் அந்தப் பத்து கூடவில்லை. இந்த வருடம் வீட்டுக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்டுவிட்டார். நினைவு நாள் ஒரு ஞாயிறு. அன்று மத்தியானமே பெஞ்சுகளை ஏற்றிவிட்டு, மறுநாள் ஃப்ளோரா மும்பைப் பக்கம் தாணேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாள். அன்று விட்டால் மைசூரில் அவருக்குக் கதீஷ் கிடையாது.

பூவாத்தாள் ஒருங்கிணைத்தாள். பெங்களூரிலிருந்து ரூபனின் அக்கா மகன்கள் இருவர். உள்ளூர் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர். மீதிக்குக் கோகுலம் பகுதிக்குப் போய், யோகா படிக்க வந்திருக்கும் இஸ்ரேல்காரர்களை இளநீர்க் கடையில் பிடித்தாள். ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். ரூபனோடு கணக்கு சரி. ஞாயிறு காலை அவர்களில் மூன்று பேர் ஹம்பிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். மன அமைதியைத் தேடிப் போனதாக மற்றவர்கள் சொன்னார்கள்.

வாசலில் வேறு மூன்று பேர் நின்றிருந்தார்கள். பெஞ்சு ஏற்ற வந்த மகேந்திரனும் அவனோடு சென்ட்ரிங் வேலை பார்க்கும் இருவரும். மகேந்திரன் பூவாத்தாளின் கணவன். ஃப்ளோரா அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"பூவு, உன் வீட்டுக்காரரையும் அந்த ரெண்டு பேரையும் குல்லா போட்டு உக்கார வை. பெரியவருக்குத்தான் கண்ணு தெரியாதே. யோகாக்காரங்க எதுவும் கேக்க மாட்டாங்க."

"தப்பில்லைங்களா ஃப்ளோராம்மா?"

"தப்புதான். மூணு வருஷமா ஒழுங்கா இருந்து பாத்துட்டேன்."

பூவாத்தாள் டப்பாவிலிருந்து மூன்று குல்லா எடுத்துக் கொடுத்தாள். யாராவது பார்த்தால் எந்தச் சாதியில் சேர்ந்துட்டேன்னு கேப்பாங்களே என்றான் மகேந்திரன். வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் போதும் என்று அவள் சொன்னாள். மூவரும் கடைசி பெஞ்சில், தங்கள் கல்யாணத்துக்குக்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள், அத்தனை விறைப்பாக உட்கார்ந்தார்கள்.

ரூபன் முன்னால் வந்து நின்றார். நிழலாகத் தெரிந்த தலைகளின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பூவாத்தாளைக் கூப்பிட்டு, அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். ஃப்ளோரா பிரார்த்தனைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

முடிவு நீண்டதல்ல. கதீஷ் சொல்லப்படவில்லை. ஆள் குறைந்தாலும் சொல்லக்கூடிய சில சங்கீதங்களை ரூபன் மனப்பாடமாகச் சொன்னார், டீ குடித்தார்கள், பெஞ்சுகள் வண்டி ஏறின. ஃப்ளோரா தாணேக்குப் போகும்வரை பூவாத்தாளோடு பேசவில்லை, போனபிறகும் பேசவில்லை. ஜெபக்கூடம் இருந்த வீட்டில் இப்போது பிளாஸ்டிக் சாமான் கிடங்கு. இணையப் பக்கத்தை யாரும் எடுக்கவில்லை, அழைப்பு இன்னும் வருகிறது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று, அந்த எண்ணைப் பார்த்து அழைத்த நான் கேட்டேன். "பெரியவரு கண்ணு தெரியாமத்தானுங்க எங்கிட்டக் கேட்டாரு" என்றாள். நல்லது செய்ததாகவும் அவள் நினைக்கவில்லை.

அன்று பெரியவர் எண்ணச் சொன்னார். பூவாத்தாள் ஏழு சொற்கள் சொல்லி நிறுத்தினாள்.