சுபேதார் காதர் ஷெரீப் கொடுத்த வாக்கு

போன வெள்ளிக்கிழமை பென்னாகரம் தாலுகா ஆபீஸ் வாசலில் பெருமாள் வந்து நின்றார். பட்டாளத்தில் என்னோடு இருந்தவர், பாலக்கோட்டுக்காரர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "சுபேதார் சாப் போயிட்டாருங்க. புதன்கிழமை அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்டேன். தெருக்காரர்கள் வந்தார்களாம், பள்ளிவாசலிலிருந்து நாலைந்து பேர் வந்தார்களாம். சர்க்கார் தரப்பில் ஒரு ஆளும் இல்லை. இருபத்தைந்து வருஷம் அவர் போட்டிருந்த உடுப்பை இன்று போட்டிருக்கும் ஒருவர்கூட இல்லை.

எங்கள் பட்டாளக் கம்பெனியில் இருந்த நீங்கள் சேலம் ஜில்லா முழுக்கச் சிதறிக் கிடக்கிறீர்கள். சுபேதார் காதர் ஷெரீப்பை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தர்மபுரியில் தகர வேலை செய்தவரின் மகன் அவர். பாலமும் சாலையும் போடும் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, முப்பதுகளில் ஜமேதாராகி, யுத்தம் தொடங்கிய வருஷம் சுபேதாரானவர். நான் அந்த வருஷம்தான் கம்பெனியில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டராகச் சேர்ந்தேன். ஒருநாள், லண்டனிலிருந்து புதிதாக வந்த ஒரு லெப்டினென்டுக்கு அவர் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பதைப் பார்த்தேன். அந்தப் பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பாலத்துக்குக் கட்டை எப்படி இறக்குவது என்பதைச் சுபேதார்தான் அவனுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆனாலும் அவன் உட்காரச் சொன்னால்தான் சுபேதார் உட்காரலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல இருக்கறவங்களுக்கு நான் சிப்பாய், ரைட்டர். கீழ இருக்கறவங்களுக்கு நான் சாப். ரெண்டு பக்கமும் எனக்கு நாற்காலி கிடையாது."

அஸ்ஸாம் எல்லையில் எங்கள் கம்பெனிக்குக் கமிஷன் அதிகாரிகள் நாலு பேர். சிப்பாய்கள் முந்நூறு பேருக்குக் குறையாது. கேப்டனுக்குத் தமிழ் தெரியாது, சிப்பாய்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த நிலையில்தான் மதராஸிலிருந்து ஒரு தமிழ் லெப்டினென்ட் வந்தார். காலேஜில் படித்தவர், நல்ல வசதியான குடும்பம். நம்ம ஆள் வந்துவிட்டார் என்று சமையற்கூடத்தில் கேசரி கிளறினார்கள். அவர் ஒரு வாய் எடுத்துக்கொண்டு இங்கிலீஷில் நாலு வார்த்தை நன்றி சொன்னார். ஒரு தமிழர் பேசியதைத் தமிழர்களுக்குத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. சிப்பாய்கள் கை தட்டினார்கள். சுபேதார் மட்டும் தட்டவில்லை.

மழைக்காலத்தில் சித்தேரி மலைப் பையன் சடையனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் பிதற்ற ஆரம்பித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரே ஒரு லாரிதான் இருந்தது. அன்று கேப்டனுக்குப் பிறந்தநாள். விருந்துக்கு நாற்காலியும் சாராயப் பெட்டிகளும் ஏற்றி வர லாரி ரயிலடிக்குப் போகத் தயாராக நின்றது. சுபேதார் ஆபீசர்களின் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு ஓடினார். காலைச் சாப்பாடு முடியும்வரை வெளியே நிற்கச் சொன்னார்கள். மழையில் நின்றார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே லாரி புறப்பட்டுப் போய்விட்டது. பிற்பாடு தமிழ் லெப்டினென்ட் வெளியே வந்து, சாயங்காலம் லாரி திரும்பிவிடும் என்றார். சடையன் மத்தியானமே செத்துப்போனான்.

மறுநாள் காலை சிப்பாய்கள் துப்பாக்கிகளைக் கூடாரத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு மைதானத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. எழுந்திரு என்று கேப்டன் கத்தியும் ஒருவரும் அசையவில்லை. பட்டாளத்தில் அதற்குக் கலகம் என்று பெயர்.

கேப்டன் தமிழ் லெப்டினென்டை அனுப்பினார். ஆபீஸ் கூடாரத்துக்குப் பின்னால் அவர் சுபேதாரைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன். வேறு யாரும் இல்லை. அவர் தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன். "அவங்களை எழுந்திருக்கச் சொல்லுங்க, சுபேதார். யார் மேலயும் நடவடிக்கை வராது. நான் பொறுப்பு. என் வார்த்தையா போய்ச் சொல்லுங்க."

சுபேதார் மைதானத்துக்குப் போய், ஈரத்தரையில் அவர்களோடு உட்கார்ந்து சொன்னார். முன்வரிசையில் இருந்த பெருமாள், "இது அவரு வார்த்தையாங்க, உங்க வார்த்தையாங்க?" என்று கேட்டார்.

சுபேதார் கொஞ்சம் யோசித்தார். "என் வார்த்தைன்னே வெச்சுக்கங்கப்பா" என்றார்.

எல்லோரும் எழுந்தார்கள். லெப்டினென்டின் வார்த்தைக்காக ஒருவன்கூட எழுந்திருக்க மாட்டான் என்பது லெப்டினென்டுக்கே தெரியும்.

மூன்றாம் நாள் பதினொரு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணையில் சுபேதார் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னார். அப்படி எந்த வாக்கும் நான் கொடுக்கவில்லை, கட்டளைதான் இட்டேன் என்றார் லெப்டினென்ட். விசாரணை நடத்திய மேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ கேட்டாயா?"

நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. "தள்ளி இருந்தேன், சார். எதுவும் கேட்கவில்லை" என்றேன். அதை இங்கிலீஷிலேயே சொன்னேன். சுபேதாருக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும்.

பதினொரு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். சிப்பாய்களோடு சேர்ந்து பொய் சொன்னார் என்று சுபேதாரைப் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் என்னை ஹவில்தாராக்கினார்கள். லெப்டினென்ட் கேப்டனானார். இன்று அவர் சுதந்திர இந்தியாவின் பட்டாளத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், லாரி யாருக்குப் போகும் என்பது மட்டும் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய சுபேதார் அந்தப் பதினொரு வீடுகளுக்கும் போனார். சித்தேரிக்கு நடந்தே ஏறிச் சடையன் குடும்பத்தையும் பார்த்துவிட்டு வந்தார். பெருமாள் அப்போது ஜெயிலில். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "உங்க வார்த்தைய நம்பி எந்திரிச்சவரு இன்னும் வூடு வந்து சேரலீங்க. இப்ப என்ன வார்த்தை சொல்ல வந்தீங்க?" என்று கேட்டாராம். சுபேதார் அப்படியே திரும்பிவிட்டார். ஆனால் பெருமாள் விடுதலையாகும்வரை மாதம் தவறாமல் அந்த வாசலுக்கு வந்து, ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

யுத்தம் முடிந்து நான் ஊருக்கு வந்தபின் ஒரே ஒருமுறை அவரைப் பாலக்கோட்டில் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். வெள்ளைத் தாடி, கையில் துணிப்பை. என் குழந்தைகளைப் பற்றி விசாரித்தார். நான் அந்த விசாரணைப் பேச்சை எடுக்க வாயைத் திறந்தேன். "பஸ் வந்துடுச்சு பாரு, ரைட்டர்" என்றார். பஸ் வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "பசங்க மேல தப்பு இல்ல. அடுத்தவன் வார்த்தைய என் வார்த்தைன்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு."

சுதந்திரம் வந்ததும் பதினொரு பேருக்காகவும் அவர் மனுப் போட்டிருக்கிறார். தனக்காக அதில் ஒரு வரி இல்லை. வாக்கு கொடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று டில்லியிலிருந்து பதில் வந்ததாம். வெள்ளிக்கிழமை பெருமாள் இதைச் சொன்னபோது நான் தலை நிமிரவில்லை. ஆதாரம் பென்னாகரத்தில் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து பைல் கட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆபீஸ் வாசலிலேயே பெருமாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "அவருக்குத் தெரியுமுங்களா, நீங்க கேட்டது?" என்றார். தெரியும் என்றேன். "எங்ககிட்ட ஒரு நாளும் உங்களப் பத்திச் சொன்னதே இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாங்கி வரச் சொன்ன டீயைக்கூடக் குடிக்கவில்லை.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு டில்லிக்கு அனுப்பிவிட்டேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. சுபேதாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் ஒருமுறைகூட என்னைக் கேட்காதது. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தப்பித்திருப்பேன்.